பேட்டரி இல்லாத வியாழக்கிழமை

பேட்டரி பஸ் ஏறிப் போய் ஒரு மணி நேரமாகியும் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது.

களி கிண்டிக்கொண்டிருந்த முனிலட்சுமி துடுப்பை நிறுத்தினாள். வியாழக்கிழமை. சார்ஜுக்காகப் பேட்டரி கிருஷ்ணகிரிக்குப் போகும் நாள். சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்பும். நடுவில் கிடைக்கும் அந்த இரண்டு நாள்தான் அவள் அந்த வீட்டில் குடித்தனம் நடத்தினாள். மற்ற நாட்களில் அவள் புருஷன், ஊர்ப் பஞ்சாயத்து பிரசிடெண்ட் நாராயணப்பன், உலகத்தோடு குடித்தனம் நடத்தினார்.

ஒரே செய்தியைத் தமிழ், கன்னடம், தெலுங்கு என மூன்று பாஷையிலும் கேட்பார். இங்கிலீஷ் செய்திக்குத் தலையாட்டல் கொஞ்சம் கூடுதல். ஒரு வார்த்தையும் புரியாது. எந்த அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். சொந்தக் கிணறு வற்றியதை, மாடு பூட்டிக் கவலை இறைக்கும் சென்றாயன் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

போன வாரம்கூடக் கேட்டாள்: "ஒரு நாளைக்கு ஒரு செய்தி போதாதாங்க? ரெண்டரை வயசாவுது, நம்ம புள்ள காவேரி இன்னும் ஒரு பேச்சு பேசல. அது வாயத் தொறக்க இந்த ஊட்டுல எடம் எங்க இருக்குது?"

"இந்தாமே, எல்லைய மாத்தப் போறாங்களாம். நாளைக்கு இந்த ஊர மைசூருக்குக் குடுத்துட்டா, அதிகாரிக்கு இன்னா பாஷையில கும்புடு போடறது? உஷ்! செய்தி போவுது."

கும்பிடு போடவும் பாஷை வேண்டும் என்று கண்டுபிடித்த பிரசிடெண்ட்!

இப்போது உச்சிவெயில் கூரை ஓடுகளைக் காய்ச்சிக்கொண்டிருக்க, அடிபிடிக்கும் ராகி வாசத்துக்கும் கொல்லையில் மாடு அசைபோடும் சத்தத்துக்கும் நடுவே, கூடத்திலிருந்து அந்தக் கணீர்க் குரல் நிறுத்தாமல், மூச்சே விடாமல் வந்துகொண்டிருந்தது. திருட்டுத்தனமாக இன்னொரு பேட்டரி வாங்கி மாட்டிவிட்டு வெளியே போயிருக்கிறார். அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. எங்களுக்கென்று இருந்த இரண்டு நாளையும் தின்றாயிற்றா? இன்று உடைத்தே தீருவது என்று துடுப்போடு போனாள்.

வெயிலுக்காகச் சாத்தியிருந்த கூடத்தில் அரை இருட்டு. பேட்டரியின் புளித்த ஆசிட் நெடி இன்னும் போகவில்லை. மூலையில், உயரமான முக்காலியின் மேல், பூப்போட்ட துணி போர்த்திய ரேடியோ. துணியை இழுத்தாள்.

பச்சைக் களிம்பு ஏறிய இரண்டு கம்பிகள் சும்மா தொங்கின. அடியில், பேட்டரி இருந்த இடத்தில் சதுரக் கறை மட்டும்.

பெட்டியின் மேல் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. துடிப்பு இல்லை.

குரல் ஏதோ ஊரின் வெள்ளத்தைச் சொன்னது. எத்தனை குடிசை, எத்தனை மாடு. கேட்ட செய்தி. போன ஐப்பசியில் கேட்டது. அன்றைக்குத்தான் காவேரிக்கு ஜுரத்தில் இழுப்பு வந்தது.

வெள்ளம் கன்னடத்துக்குப் போனது. தெலுங்குக்குப் போனது.

பிறகு ஒரு பொம்பளை அலறல்.

"ஏங்க! புள்ளைக்குக் கண்ணு மேல போவுதுங்க!"

அவளுடைய குரல்.

"உஷ்! செய்தி போவுது."

அவருடைய குரல். அவர் வீட்டிலேயே இல்லை.

துடுப்பு கீழே விழுந்தது. முக்காலிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

காவேரி. சுவரில் சாய்ந்து. கால் நீட்டி. வாய் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. நாக்கும்.

அந்த வாயிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். "பேட்டரி அதுக்குள்ளவா வந்துடுச்சு?" நாராயணப்பன் உள்ளே வந்தார்.

"ஏங்க... காவேரிங்க... புள்ளயப் பாருங்க."

பார்த்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மெல்ல முகம் மலர்ந்தது.

"பேசலன்னு அழுதியே! எவ்ளோ சுத்தமா பேசுது பாரு!"

நாற்காலியைக் குழந்தைக்கு எதிரே இழுத்துப் போட்டார். தோள் துண்டைச் சரிசெய்தார். நோட்டைப் பிரித்தார். இங்கிலீஷ் வந்தது. தலையாட்டினார். போதும் என்று பட்டதும் குனிந்து, குழந்தையின் வலது காதை இரண்டு விரலால் பிடித்து, பதமாகத் திருகினார்.

கரகரப்பு. ஒரு விசில். கன்னடம்.

முனிலட்சுமி கத்த வாயெடுத்தாள்.

நாராயணப்பனின் கை, திரும்பிப் பாராமலே, உஷ் என்று உயர்ந்தது. அதே நொடியில், அதேபோல, அந்தச் சின்னக் கையும்.