முப்பத்தெட்டாம் பக்கத்துக்குப் பிறகு

சனிக்கிழமை, காலை 9.10.

ரமணி படியேறி முடிப்பதற்குள் மேலே யாரோ அழுவது கேட்டது.

"இன்னைக்கு என்ன கூத்தோ," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு செருப்பைக் கழற்றினாள்.

குவீன் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் ‘படகுத்துறை’ மாத இதழின் அலுவலகம். ரமணி அதற்கு மெய்ப்புத் திருத்துகிறவள். சம்பளம் கிடையாது. சம்பளம் தருவது தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் உள்ள ஒரு தொழிற்சாலை. அங்கே அவள் கியூசி இன்ஸ்பெக்டர். வாரத்தில் ஐந்து நாள் பிளாஸ்டிக் மூடிகளில் குறை கண்டுபிடிப்பாள், மிச்ச நாளில் எழுத்தாளர்களிடம். மூடிகள் எவ்வளவோ தேவலாம். குறை சொன்னால் அவை கோபித்துக்கொண்டு வாட்சாப் குழுவை விட்டு வெளியேறுவதில்லை.

அழுதுகொண்டிருந்தவள் கீர்த்திகா. பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் தாதி. பிப்ரவரி இதழில் வந்த ‘தாழ்ப்பாள்’ அவளுடைய முதல் கதை. அவளுக்கு எதிரே ஆசிரியர் அம்பிகைபாகன் நான்கு தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, தானும் அழலாமா என்று யோசிப்பவர்போல நின்றிருந்தார்.

"என்னங்கய்யா ஆச்சு?"

"யோகம்மா டீச்சர் கட்டுரை வந்திருச்சு," என்றார் அவர். "நீயே படி."

ஒவ்வொரு டிசம்பரிலும் நடப்பதுதான். அந்த வருடத்துப் பன்னிரண்டு இதழ்களையும் கட்டி ஒருவரிடம் கொடுப்பார்கள். அவர் எல்லாவற்றையும் படித்து, பன்னிரண்டு நேர்காணல், பன்னிரண்டு கதை பற்றி ‘திரும்பிப் பார்க்கையில்’ என்று ஒரு கட்டுரை எழுதுவார். சிறந்த கதை ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். இந்த வருடம் கெப்பாலா பத்தாஸில் இருக்கும் யோகம்மா டீச்சர். கட்டுரையும் அவர் தேர்ந்தெடுத்த கதையும் ஆண்டு மலரில் வரும். அன்று பிற்பகல் இரண்டு மணிக்குள் மலர் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மறுநாள் காலை பரிசளிப்பு விழா.

ரமணி படித்தாள். மூன்றாம் தாளில் இருந்தது.

‘கீர்த்திகா என்பவர் பதினோரு வருடமாகப் பேசாத அண்ணனை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவன் கதவைத் தட்டுகிறான். அதோடு கதை நின்றுவிடுகிறது. முடிக்கத் தெரியாதவர்கள் கதை எழுத வரக்கூடாது.’

"நாலு மாசம்கா," என்றாள் கீர்த்திகா. "அந்த முடிவுக்காக நாலு மாசம் உட்கார்ந்தேன். நாளைக்கு இத அத்தன பேரும் படிப்பாங்க. எங்க அம்மா படிப்பாங்க. எனக்கு வேணாம்கா. இனிமே நான் எழுதவே மாட்டேன்."

"மூக்கத் தொடச்சுக்க. கதை நாப்பதாம் பக்கத்துல முடியுது. நான்தான் திருத்தினேன்."

கட்டுரையோடு இதழ்க் கட்டும் திரும்பி வந்திருந்தது. ரமணி கயிற்றை அவிழ்த்துப் பிப்ரவரி இதழை எடுத்தாள். முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. அடுத்தது நாற்பத்தொன்று.

"அலாமாக், போச்சுடா," என்றார் அம்பிகைபாகன்.

காலை 9.40.

தொலைபேசியில் யோகம்மா டீச்சரின் குரல் வகுப்பறைக்குள் கேட்பதுபோலவே இருந்தது.

"வந்தபடியேதாம்மா படிச்சேன். கிழிஞ்சிருந்தா தெரியாதா? சுத்தமா இருந்துச்சு."

"பக்க எண் தாவுதே டீச்சர்?"

"கதை படிக்கறவ பக்க எண்ணையா பார்ப்பா?"

"பிடிஎஃப் அனுப்பினோமே?"

"போன்ல படிச்சா எனக்குக் கண்ணு எரியும். அதான் அச்சுல கேட்டேன். பக்கத்தக் காட்டுங்க, படிக்கிறேன். இல்லன்னா நான் எழுதினது எழுதினதுதான்."

போனை வைத்துவிட்டு ரமணி தலையில் அடித்துக்கொண்டாள். அலுவலகக் கோப்புப் பிரதியில் அந்தப் பக்கம் பத்திரமாக இருந்தது. அதைப் படம் பிடித்து அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் யார் எடுத்தார்கள் என்று தெரியாமல் மலரை அச்சுக்கு அனுப்ப அவள் மனம் ஒப்பவில்லை. குறையுள்ள மூடியைத் தூக்கிப் போட்டால் போதாது, எந்த மெஷின் அதைத் துப்பியது என்று பார்க்க வேண்டும். பதினெட்டு வருடப் பழக்கம்.

"கட்டு யார் யார் கையில இருந்துச்சுங்கய்யா?"

"போன வாரம் வியாழக்கிழமை நான் பன்னிரண்டையும் புரட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. ஸ்ரீகரன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டி, பேர் ஒட்டினாரு. மறுநாள் வெள்ளிக்கிழமை கோகுலன் அங்க போய் வாங்கி, டீச்சர் வீட்ல கொடுத்தான்."

"ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க."

காலை 10.25.

முதலில் வந்தவர் ஸ்ரீகரன். வாசகர் வட்டத் தலைவர், மூன்று புத்தகம் போட்டவர், இஸ்திரி கலையாத சட்டை. அக்டோபர் இதழில் வந்த அவருடைய ‘பகல் சோறு’ கதையைத்தான் யோகம்மா இந்த வருடத்தின் சிறந்த கதை என்று எழுதியிருந்தார். ‘வேறெங்கும் கேட்டிராத சம்பவம்’ என்று புகழ்ந்திருந்தார். ஸ்ரீகரன் அதைப் பார்க்கக்கூட இல்லை, நேராகக் கீர்த்திகாவிடம் போனார்.

"அழாதம்மா. உன் கதை முடிவுக்கு ஈடு இருக்கா? எத்தன கூட்டத்துல சொல்லியிருக்கேன்! இது யார் வேலன்னு ஊருக்கே தெரியும்லா."

"யார்ண்ணே?" என்றாள் ரமணி.

அவர் போனைத் தடவி எடுத்து நீட்டினார். மார்ச் மாதம் வாட்சாப் குழுவில் கோகுலன் எழுதியது. ‘தாழ்ப்பாள் கதையின் கடைசிப் பக்கத்தை வெட்டி எறிந்தால் கதை பிழைத்துக்கொள்ளும்.’

"எழுதினான், செஞ்சுட்டான்," என்றார்.

கீர்த்திகா மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

காலை 10.50.

கோகுலன் கேரேத்தாவை எங்கேயும் நிறுத்த இடமில்லாமல் தெருத்தெருவாக ஓட்டிச் சுற்றிவிட்டு வியர்க்க வியர்க்க வந்தான். கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர். இதழின் பன்னிரண்டு நேர்காணலும் அவன் எடுத்தவை. நாக்கு கொஞ்சம் நீளம்.

"கட்டப் பிரிச்சியா?"

"எதுக்குக்கா பிரிக்கணும்?"

"வழியில எங்கயாச்சும் நின்னியா?"

"பெட்ரோல் ஸ்டேஷன்ல எண்ணெய் போட நின்னேன்."

"கீர்த்திகா கதையப் பத்தி இப்படி எழுதினது நீதானே?"

"நான்தான். இப்பவும் அதையேதான் சொல்வேன். அதுக்காகத் திருடுவேனா? பிடிக்காத கதைய எல்லாம் கிழிக்கணும்னா நான் வேலைக்கே போக முடியாது." அவன் பார்வை மேசையில் கிடந்த கட்டுரைமேல் விழுந்தது. எடுத்துப் படித்தான். முகம் சிவந்துவிட்டது. "என்னக்கா இது? டீச்சர் என்ன எழுதியிருக்காங்க பாருங்க!"

எல்லோரும் கீர்த்திகாவின் பத்தியைத்தான் சொல்கிறான் என்று நினைத்தார்கள். அவன் விரல் வைத்தது வேறு இடத்தில்.

‘பிப்ரவரி நேர்காணல், நல்லமுத்து. முப்பது வருடம் ஃபெரிப் படகில் வேலை பார்த்த மனிதரிடம் ஒரு சம்பவத்தைக்கூடக் கேட்டு வாங்கப் பேட்டியாளருக்குத் தெரியவில்லை.’

"ஒரு சம்பவம்கூட இல்லயா? பாகான் டாலாம்ல அவர் வீட்ல நாலு மணி நேரம் உட்கார்ந்தேன்க்கா! நான் எடுத்ததுலயே நல்ல பேட்டி அதுதான். டீச்சர் கண்ணாடிய மாத்தச் சொல்லுங்க."

ஸ்ரீகரன் சிரித்தார். "தம்பிக்கு அவன் கவலை."

ரமணி சிரிக்கவில்லை. பிப்ரவரி இதழைக் கையில் எடுத்து, மூடிகளை எண்ணுவதுபோல ஒவ்வொரு தாளாக விரலால் தள்ளி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு நடுப்பக்கத்தைப் பிரித்து இரண்டு பின்களையும் வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு பின்னின் கால் ஒடிந்திருந்தது. இன்னொன்று நிமிர்த்தி மறுபடி மடிக்கப்பட்டிருந்தது.

"ஐயா, அக்டோபர் இதழக் கொடுங்க. ஆபீஸ் கோப்பையும் எடுங்க. யாரும் ஒரு மணி நேரம் என்கிட்டப் பேசாதீங்க. முக்கியமா எழுத்தாளருங்க."

மதியம் 12.15.

"நாம எல்லாரும் முட்டாளுங்க," என்று ரமணி ஆரம்பித்தாள். "முதல் முட்டாள் நான். அதனால யாரும் கோவிச்சுக்காதீங்க."

பழைய இதழ் ஒன்றை எடுத்து எல்லோரும் பார்க்க ஒரு தாளை மடிப்போரமாகக் கிழித்தாள். இதழைக் கவிழ்த்து உதறினாள். பின்பாதியிலிருந்து இன்னொரு தாள் தானாகக் கழன்று தரையில் விழுந்தது.

"நடுவுல பின் அடிச்ச புஸ்தகம். ரெண்டு தாள் சேர்ந்து ஒரே ஷீட், நடுவுல மடிப்பு. ஒண்ண எடுத்தா மத்தது நிக்காது. அதனால எடுத்த ஆள் பின்னக் கழட்டி முழு ஷீட்டையும் உருவிட்டு, மறுபடி மடிச்சிருக்காரு. அதான் கிழிச்ச அடையாளமே இல்ல. நாப்பத்தெட்டுப் பக்கம்னா இருபத்து நாலு தாள். கதையோட ஒரு தாள் மட்டும் போயிருந்தா இருபத்து மூணு இருக்கணும். இதுல இருபத்திரண்டுதான் இருக்கு."

"அப்ப இன்னொரு தாள்?" என்றார் அம்பிகைபாகன்.

"முப்பத்தொம்பது, நாப்பதோட ஜோடி ஒம்பது, பத்து. நல்லமுத்து பேட்டி. எட்டாம் பக்கத்துல ஒரு பதில் முடியுது, பதினொண்ணுல புதுக் கேள்வி. நடுவுல ரெண்டு பக்கம் இல்லன்னா யாருக்குத் தெரியும்? முடிவு இல்லாத கதைதான் கூவிச்சு. நாம எல்லாரும் அந்தப் பக்கமே ஓடினோம்."

கோப்புப் பிரதியில் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து உரக்கப் படித்தாள். நல்லமுத்து சொன்னது.

‘வேலை போயிருச்சுன்னு வீட்ல சொல்லாம ஒருத்தன் தினமும் யூனிஃபாரம் போட்டுக்கிட்டு ஃபெரியில வருவான். பொண்டாட்டி கட்டிக் கொடுத்த சோத்த என்கிட்டக் கொடுத்துடுவான். வேலைக்குப் போகாதவனுக்கு அது இறங்கலண்ணேம்பான். ரெண்டு மாசம் நான்தான் சாப்பிட்டேன். ஒரு நாள் டப்பாவ நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு, இன்னைக்கு இல்லண்ணே, நான் சாப்பிடப் போறேன்னான். அப்பத்தான் புரிஞ்சுது, வேலை கிடைச்சிருச்சுன்னு.’

ரமணி அக்டோபர் இதழை அதன் பக்கத்தில் வைத்தாள். ‘பகல் சோறு’. ஃபெரி, யூனிஃபாரம், டப்பா, ‘இன்னைக்கு இல்லண்ணே’.

"ரெண்டையும் நான்தான் திருத்தினேன். எட்டு மாச இடைவெளி. நான் எழுத்தப் பார்த்தேன், கதையப் பார்க்கல. அப்படித்தான் எல்லாருக்கும் போச்சு. ஆனா டீச்சர் பன்னிரண்டையும் ஒரே மூச்சுல படிக்கப் போறாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிடும். இந்தத் தாள் இருந்தா யாருக்கு நஷ்டம்?"

ஸ்ரீகரன் கழுத்துப் பட்டனைத் தொட்டார். "இப்படி ஒரு சம்பவம் யாருக்கு வேணும்னாலும் நடக்கலாம்லா. அதோட, கட்டு இவன் கையிலயும்தான் இருந்துச்சு."

"இருந்துச்சு. ஆனா அவன் எடுத்திருந்தா தன் நாலு மணி நேரப் பேட்டியத்தான் முதல்ல பலி கொடுத்திருப்பான். அது போனது தெரியாம இப்ப இங்க குதிச்சான், பார்த்தீங்கல்ல? சரி, ஒரே ஒரு கேள்விண்ணே. ‘தாழ்ப்பாள்’ கதை எப்படி முடியுது?"

"அதான் எத்தனையோ கூட்டத்துல..."

"என்ன நடக்குது, அத மட்டும் சொல்லுங்க."

அவர் கீர்த்திகாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"கடைசி வரைக்கும் அவ கதவத் திறக்கறதில்ல. அதானே அழகு."

கீர்த்திகா மெதுவாக எழுந்து நின்றாள். அழுகை எப்போதோ நின்றிருந்தது.

"அவ திறக்கிறாண்ணே," என்றாள்.

"உருவின ஆளுக்கு மறுபாதியில என்ன இருக்குன்னே தெரியாது," என்றாள் ரமணி. "தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கமாட்டாரு. ஒரு கதைக்கு முடிவு காணாமப் போனா கூப்பாடு வரும்னு யாருக்கும் தெரியும். பாராட்டினாரே தவிர வாசிக்கல. அவர் மாட்டினது திருட்டால இல்ல, சோம்பேறித்தனத்தால."

ஸ்ரீகரன் நாற்காலியில் உட்கார்ந்தார். இஸ்திரிச் சட்டை முதல்முறையாகக் கசங்கியது.

"உன்மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லம்மா," என்றார். "அந்தப் பக்கத்துல உன் கதை இருந்ததே எனக்குத் தெரியாது."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். கீர்த்திகாவின் முகத்தைப் பார்த்தபோது, அவர் வாயைப் பொத்தலாமா என்று ரமணிக்குத் தோன்றியது. அம்பிகைபாகன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ஸ்ரீகரன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார்.

பிற்பகல் 1.35.

விடுபட்ட நான்கு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பியாயிற்று. கண் எரிய எரிய டீச்சர் படித்திருந்தார்.

"நாளைக்குப் பரிசு கிடையாது," என்றார் போனில். "பன்னிரண்டையும் மறுபடி படிச்சுத்தான் சொல்வேன். ‘பகல் சோறு’ மலர்ல வரக்கூடாது, அந்த இடத்துல நல்லமுத்துவோட ரெண்டு பக்கத்தப் போடுங்க. அவர் பேரப் பெருசாப் போடுங்க. அந்தப் பொண்ணப் பத்தின பத்திய அடிச்சிடுங்க, வேற எழுதி இப்பவே அனுப்பறேன். என்னையும் பக்க எண் பார்க்க வச்சிட்டீங்களேடி!"

அச்சகத்துக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. ரமணி சிவப்புப் பேனாவை எடுத்தாள். நியாயமாக எல்லோரும் சந்தோஷப்பட வேண்டிய நேரம். கீர்த்திகா மட்டும் ஜன்னலோரம் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முதல் கதையை ஊரெல்லாம் புகழ்ந்த ஒரே ஆள் அதை வாசிக்கவே இல்லை. எழுதமாட்டேன் என்று காலையில் சொன்னாளே, அந்தப் பேச்சு இன்னும் அப்படியேதான் இருந்தது.

"கடைசிப் பக்கத்த வெட்டி எறியணும்னு எழுதினீங்களே," என்றாள் கோகுலனிடம். "ஏன்?"

"வேணாம் தங்கச்சி. இன்னைக்கு வேணாம்."

"சொல்லுங்கண்ணே."

"கதவத் திறக்கட்டும், சரி. தண்ணி எதுக்கு? ஒரு டம்ளர் தண்ணி கொடுத்து, அவன் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னு, டம்ளர வாங்கிக்கிட்டு மறுபடி தாழ் போடறா. திறந்ததோட நிறுத்தியிருக்கணும். மூணு தடவ படிச்சேன். மூணு தடவையும் அந்த டம்ளர்கிட்ட வந்தாக் கோவம் வருது."

"மூணு தடவையா?"

"அப்புறம்? சும்மாவா திட்டுவாங்க?"

கீர்த்திகா பையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"தண்ணி கொடுக்கலன்னா அவ வெறும் கோவக்காரிண்ணே. கொடுத்தாத்தான் அவளுக்கே வலிக்கும். அதுக்குத்தான் நாலு மாசம் ஆச்சு."

"வலிக்கணும்னா டம்ளர அவன் கையிலயே விட்டுட்டுப் போயிருக்கணும்!"

"விட்டா அவன் அத வச்சுக்கிட்டு அடுத்த நாளும் வருவான்ல!"

"ஐயோ, ரெண்டு பேரும் பக்கத்து டீக்கடையில போய்ச் சண்டை போடுங்களேன்!" என்று கத்தினாள் ரமணி. "இருவது நிமிஷம்தான் இருக்கு. எனக்கு ஒரு தே ஓ அனுப்புங்க, சீனி கம்மி!"

படியிறங்கிப் போகும்போதும் அவர்கள் அந்தத் தண்ணீரைப் பற்றியேதான் பேசிக்கொண்டு போனார்கள்.