கைராசிக்காரரின் நோயாளிகள்

மனைவியின் நாற்காலி திரும்பியிருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து, மத்தியான வேளையில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து செடிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்றுதான் சீனியர் நினைத்திருந்தார். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காயாத துணியின் வாடையும் சுடவைத்த பாலின் வாடையும் கலந்து கிடந்த கூடத்தைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சுவரில் ஒரு படம் இல்லை, கடிகாரம் இல்லை, ஒரு பல்லிகூட இல்லை.

"என்ன பார்க்கிற?"

"ஒண்ணும் இல்லையே. சும்மாதான்."

குரல் தெம்பாகத்தான் இருந்தது. முகம் மட்டும் திரும்பவில்லை.

சீனியர் என்பது ஆஸ்பத்திரியில் எல்லோரும் வைத்த பெயர். பாதி வாழ்க்கையை அந்த ஆபரேஷன் தியேட்டரிலேயே கழித்த அறுவை மருத்துவர் அவர். அப்படிப்பட்டவர் இருக்க, நேற்று வந்த ஒருவனைத்தான் ஊரே கைராசிக்காரர் என்று கொண்டாடியது. வயதில் சின்னவன், மெல்லப் பேசுகிறவன், பார்த்த இடத்தில் எல்லாம் "சார்" என்று எழுந்து நிற்கிறவன். அந்த மரியாதைதான் சீனியருக்கு இன்னும் எரிந்தது. ஒரு குறை சொல்லக்கூட இடம் வைக்காமல் ஒருவன் இருந்தால் மனிதன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மனைவிக்குக் குடலில் கட்டி என்று தெரிந்த அன்று அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அவர்கிட்டயே பண்ணிக்கிறேங்க. அவர் கை பட்டா பயமே இல்லைன்னு சொல்றாங்க." கட்டிய மனைவியின் வயிற்றில் தன் கையால் கத்தி வைக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அவள் கொஞ்சம் தயங்கியிருக்கலாம். ஒப்புக்காவது ஒரு முறை இவர் முகத்தைப் பார்த்திருக்கலாம். கட்டுப் பிரித்த அன்று அந்தத் தையல் தடத்தைப் பார்த்தார். அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பதிவேடு உண்டு. அறுவை செய்துகொண்டு வீடு திரும்பிய ஒவ்வொருவரையும் ஒரு வருஷம் விடாமல் விசாரித்து, யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், எதனால் போனார்கள் என்று குறித்து வைப்பது. எங்கே தவறுகிறோம் என்று தெரிந்தால்தானே அடுத்த ஆளைக் காப்பாற்றலாம் என்று அதை ஆரம்பித்து வைத்தவரே சீனியர்தான். இப்போது அதுவே அவரைக் குத்தியது. எந்த நல்ல மருத்துவருக்கும் நேர்வது போல அவர் நோயாளிகளிலும் சிலர் இறந்திருந்தார்கள். கைராசிக்காரனின் நோயாளிகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. அழுகிய குடலோடு வந்த கிழவர், பாதி ஈரலை இழந்தவர், யாருமே.

"போன்ல 'நல்லா இருக்கார்'னு சொன்னா அப்படியே எழுதிடுவீங்களா?" என்று பதிவேட்டைக் கவனிக்கும் நர்ஸிடம் கேட்டார்.

"அவ்வளவு பேரையும் நேர்ல போய் எப்படி சார் பார்க்கிறது?"

"நாம போவோம். நாலு வீடு பார்த்தா குட்டு வெளிய வந்துடும்."

நர்ஸ் கெட்டிக்காரி. சிரிப்பை அடக்கிக்கொண்டு பையைத் தூக்கினாள். "சரி சார். ஆனா செத்தவங்களைத் தேடி வந்திருக்கோம்னு மட்டும் வாசல்ல நின்னு சொல்லிடாதீங்க."

முதல் வீட்டில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மருமகள் கதவைத் திறந்தாள். "மாமாவுக்கு ஒரு குறையும் இல்லைங்க. வேளாவேளைக்குச் சாப்பிடுறார், தூங்குறார்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சுவரைப் பார்த்துக்கிட்டே இருக்கார், அது ஒண்ணுதான்." உள்ளே டிரைவர் கட்டிலின் விளிம்பில், வண்டி ஓட்டுகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, அலமாரியின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடி சீராக இருந்தது. கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். ஒரு தடவைகூட இவர்கள் பக்கம் திரும்பவில்லை.

ஊரின் மறுகோடியில், தையல்காரம்மா தன் மெஷினை அறையின் மூலையைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தாள். துணியைப் பார்க்காமலேயே தைத்தாள். எண்ணெய் வாடையடிக்கும் அந்தச் சின்ன அறையில் ஊசி விரல் நகத்தை உரசி உரசிக் கடகடவென்று இறங்கி ஏற, துணி ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது, அழுகிய குடலோடு வந்த அந்தக் கிழவர். படுத்திருந்தார். அவர் இருக்கவே கூடாது என்று சீனியருக்குத் தெரியும். ஆனால் இருந்தார். நாடி ஓடியது, மூச்சு வந்தது, ஜன்னல் திரைச்சீலை அசைந்து அவர் முகத்தில் நிழல் போய்ப் போய் வந்தது. மாலை வெயில் இறங்கும் நேரத்தில் அவர் தலை, தலையணையை உரசிக்கொண்டு, மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. கடிகாரத்தின் பெரிய முள் நகர்கிற மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, பேச்சை நிறுத்தாமலே தலையணையை அதற்கேற்ப நகர்த்தி வைத்தாள்.

"சாயங்காலம் ஆனா இப்படித்தான். பழகிடுச்சு."

தினமும் அந்த நேரத்தில்தான் கைராசிக்காரன் ஆஸ்பத்திரியை விட்டு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன் கிளினிக்குக்குக் கிளம்புவான். டிரைவர் பார்த்த திசையும் தையல்காரம்மா பார்த்த திசையும் சீனியரின் மனதில் இரண்டு கோடுகளாக நீண்டு, ஆஸ்பத்திரியில் போய் முட்டிக்கொண்டன.

"தாத்தா," என்று குனிந்து கேட்டார். "என்ன தெரியுது அங்க?"

"அவர்தான்."

"அவர் எங்க இருக்கார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கிழவர் லேசாகச் சிரித்தார். "உங்க கை எங்க இருக்குன்னு நீங்க பார்த்துத்தானா தெரிஞ்சுக்கிறீங்க, டாக்டர்?"

நர்ஸ் வாசலுக்குப் போய்விட்டாள். சீனியருக்கும் அங்கே பயம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்கு வந்தது வேறு. அப்படியானால் வீட்டிலிருக்கும் மனைவிக்கும் தெரிகிறது. அவன் எங்கே நிற்கிறான், எப்போது படியிறங்குகிறான், எந்தப் பக்கம் படுக்கிறான் என்று ஒவ்வொரு நொடியும் தெரிகிறது. இவர் எந்த அறையில் இருக்கிறார் என்று அவள் கடைசியாக எப்போது தேடினாள்?

வீட்டுக்குப் போனபோது நாற்காலி ஆற்றுப் பக்கம் திரும்பியிருந்தது. அவர் அவள் முன்னால் மண்டியிட்டு, முகத்தை இரு கைகளாலும் ஏந்தித் தன் பக்கம் திருப்பினார். கழுத்து வந்தது. கண்கள் வரவில்லை. வெள்ளை விழி தெரிய, ஓரத்திலேயே நின்றன.

"வலிக்குதுங்க," என்றாள், கோபமே இல்லாமல்.

அந்த வாரம் விடாமல் மழை. பாலத்தில் ஒரு லாரி சறுக்கி, பின்னால் வந்த காரை நசுக்கியது. உள்ளே கைராசிக்காரன் இருந்தான். அன்று தியேட்டரில் சீனியரின் முறை.

மேசையில் கிடந்தவன் அவரைப் பார்த்ததும், வழக்கம் போல எழுந்து நிற்கப் பார்த்தான். முடியவில்லை. "நீங்களா சார்," என்றான். "ரொம்ப சிரமப்படாதீங்க. விட்டுடுங்க." மயக்க மருந்து ஏறும்வரை சிரித்துக்கொண்டிருந்தான்.

வயிற்றைத் திறந்ததும் ரத்தம் பொங்கியது. எந்த ரத்தக்குழாய் என்று அவருக்கு உடனே தெரிந்தது. எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்றும் தெரிந்தது. எதிரே நின்ற தியேட்டர் நர்ஸ், குழாயை இறுக்கிப் பிடிக்கும் கவ்வியை நீட்டினாள். அவர் அதை வாங்க ஒரு மூச்சு நேரம் தாமதித்தார். ஒரே ஒரு மூச்சு. யாரும் கண்டுபிடிக்க முடியாத, யாரும் குற்றம் சொல்ல முடியாத தாமதம். அது போதுமாக இருந்தது.

கைகழுவும் தொட்டியில் நீர் சிவந்து ஓடுவதைப் பார்த்தபடி நின்றபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சாவும் பதிவேட்டில் அவர் பெயரில்தான் ஏறும். அவன் கணக்கு இன்னமும் சுத்தமாகவே இருக்கும். செத்தும் முந்திவிட்டான், படுபாவி.

படியிறங்கும்போது பதிவேட்டு நர்ஸ் ஓடி வந்தாள். "சார், வார்டுல அவர் ஆபரேஷன் பண்ணினவங்க எல்லாரும் எழுந்து உட்கார்ந்திருக்காங்க. யாரும் பேச மாட்டேங்கிறாங்க. தரையைப் பார்த்துக்கிட்டே இருக்காங்க."

பிணவறை அந்த வார்டுக்கு நேர் கீழே.

"தூங்க மருந்து குடுங்க," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

கூடத்தில் விளக்கு எரிந்தது. மழையின் இரைச்சல் கூரை முழுவதும் பரவி, எங்கோ ஒரு குழாயில் மட்டும் தனியாகக் களுக் களுக் என்று இறங்கிக்கொண்டிருந்தது. மனைவி அங்கேயே நாற்காலியைப் போட்டு, ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் ஈரச் சட்டையோடு அவள் எதிரே, வாசலுக்கு முதுகு காட்டி நின்றார். சொல்லும்போது குரலில் சந்தோஷம் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

"அவர் போயிட்டார்."

"தெரியும்."

"அழலையா நீ?"

"எதுக்குங்க?" என்றாள். பார்வை தாழ்ந்து கிடந்தது. பிறகு கொஞ்சம் உயர்ந்தது. "இப்பதான் எழுந்தார்."

அவள் கண்கள் ஒரு படி உயர்ந்தன. இன்னொரு படி. பிறகு இடப்பக்கமாக நகர ஆரம்பித்தன. அந்த வழி அவருக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரி வாசல். கடைத்தெரு. பெட்ரோல் பங்க் வளைவு. காரில் வந்தாலும் இவ்வளவு விரைவாக வர முடியாது. பள்ளிக்கூடத்து மதில். தெருமுனை.

ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டார். மேல் தாழ், கீழ் தாழ். திரும்பி, பழைய இடத்திலேயே வந்து நின்றார்.

அவள் முகம் இப்போது நேராகக் கதவைப் பார்த்தது.

மணி அடிக்கவில்லை. தட்டவும் இல்லை.

அவள் பார்வை கதவைத் தாண்டி உள்ளே வந்தது.

கூடத்துத் தரை. சாப்பாட்டு மேசை. மெதுவாக. ஆள் நடக்கிற வேகத்தில்.

அவர் தோளுக்கு மேலே வந்து நின்றது.

ஸ்பிரிட் வாடை.

மனைவி எழுந்தாள். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். கல்யாணமான புதிதில் இவருக்காக ஓடி வந்து கதவைத் திறந்தபோது முகத்தில் இருந்த அதே வெளிச்சம்.

"வாங்க," என்றாள். இவரிடம் இல்லை.

பின்னங்கழுத்தில் ஏதோ பட்டது. விரல்கள். சில்லென்ற, கொஞ்சமும் நடுங்காத விரல்கள். தலைமுடி முடியும் இடத்திலிருந்து முதுகு தொடங்கும் இடம்வரை, அளவுகோல் வைத்துக் கோடு போடுகிற மாதிரி, நிதானமாக ஒரு விரல் இறங்கியது.

சீனியர் அசையவில்லை. அவர் தலை மட்டும், அவர் திருப்பாமலே, பின்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது.