பாதியில் பிடுங்கிய மைக்

நான்காவது மைக்கை வீரமணி இன்னும் திறக்கவே இல்லை. ஆனாலும் சவுண்ட் மிக்சரில் அதன் பொத்தானுக்கு நேர் மேலே இருந்த சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

முதலில் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய மிக்சர், அதற்கென்று சில குணங்கள் உண்டு. திருவண்ணாமலை ரோட்டில், ராஜகிரி மலை ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில், நிலக்கடலை வாங்கி விற்ற பழைய மல்லாட்டை மண்டி ஒன்றை வெள்ளையடித்து, விளக்குச் சரம் தொங்கவிட்டு, காபி நுரையின் மேல் இலை வரைந்து தருகிற கஃபே அது. சுற்றுவட்டாரக் கல்லூரிப் பிள்ளைகள் அதை ‘மண்டி’ என்றுதான் சொல்வார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவருக்குள் இறங்கிப்போன மல்லாட்டைத் தூசியின் வாசனை மட்டும் போவதில்லை. காபி வாசனை, பிள்ளைகள் அடித்துக்கொண்டு வருகிற சென்ட், வெளியே மழைக்கு முந்திய மண் வாசனை எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடக்கும். இன்று அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ஊதுபத்தியும் பன்னீரும் கலந்த வாசனை. எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. மைக்கிலிருந்து வந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான்காவதன் பொத்தானை அழுத்தினான். ஒரு பெண் மூச்சு வாங்குவது கேட்டது. அழுகிறவளின் மூச்சு அல்ல. ஒப்பாரியில் ஒரு அடி முடிந்து அடுத்த அடி எடுக்கும் முன் இழுக்கிற மூச்சு. அந்த மூச்சை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

வீரமணி சவுண்ட் சர்வீஸ்காரன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவன். இருப்பது ஒரே செட். காலையில் சாவு வீடு என்றால் சாயங்காலம் மண்டி. நடுவில் மைக்கையும் வயரையும் மஞ்சள் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்துவிட்டு எடுத்து வருவான். ‘காதல்’ என்று உருகுகிற பிள்ளைகளுக்கு அந்த மைக் மத்தியானம் எங்கே இருந்தது என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இன்று தளவானூரில் சாவு. பெரியவர் ஒருவர். பேர் கூட அவன் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு எடுப்பதாகச் சொன்ன பிணத்தை, பெங்களூரிலிருந்து மூத்த மகன் வரட்டும் என்று நாலரை வரை வைத்திருந்தார்கள். கஃபே முதலாளி விமல்ராஜ் ஆறு முறை போன் செய்துவிட்டான். பாண்டிச்சேரி பப்புகளுக்குப் பாடகர்களைப் பிடித்துக் கொடுக்கிற ஆள் இன்று வருகிறார், ஆறு மணிக்குச் செட் இல்லையென்றால் மானம் போய்விடும் என்றான். வீரமணிக்கு விமல்ராஜின் மானத்தைப் பற்றிக் கவலையில்லை. அவனுடைய தங்கை தமிழினி இன்று பாடுகிறாள். அம்மா அப்பா போன பிறகு அவன் வளர்த்த பெண். அந்த ஆள் அவளைக் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் அவன் மண்டைக்குள் இருந்தது.

சாவு வீடுகளில் கூலிக்கு ஒப்பாரி பாடுகிற செல்லம்மாள் அப்போது பாட்டின் நடுவில் இருந்தாள். உறவு முறையெல்லாம் சொல்லி அழுது, கடைசியில் செத்தவரின் பேரைச் சொல்லி இறக்கி வைப்பதுதான் அவள் பாடுகிற விதம். பாட்டு நடுவில் சாவு வீட்டு மைக்கைத் தொடக் கூடாது என்பது செட் போடுகிற அத்தனை பேருக்கும் தெரியும். வீரமணி போய் அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான்.

“பேரு சொல்லல தம்பி. பேரு சொல்லாம நிறுத்தாத.”

“டைம் ஆயிடுச்சிக்கா” என்று சொல்லிக்கொண்டே வயரைச் சுருட்டினான். மஞ்சள் தண்ணீருக்கும் நேரமில்லை.

இப்போது மணி ஆறே கால். மண்டி நிறைந்துவிட்டது. விமல்ராஜ் கையைத் தூக்கி, ஆரம்பி என்றான். பாடுகிறவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி நல்ல மைக், செல்லம்மாளிடம் பிடுங்கிய அந்த நான்காவது ஒன்றுதான். வீரமணி திறந்தான்.

முதலில் எழிலன். பி.காம் படிக்கிறவன், கிட்டார் வாசிப்பான். மேடையில் ஜமக்காளம் விரித்திருப்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். ஏறியதும் மைக்கில் தன் பேரையும் வகுப்பையும் சொல்ல வேண்டும். அது மண்டியின் வழக்கம். “வணக்கம். நான் எழிலன். தேர்டு இயர்.” பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அவன் பாடினான். நன்றாகவே பாடினான். ஆனால் வீரமணியின் ஹெட்போனில் அந்தப் பாட்டுக்கு அடியில், தரையை ஒட்டி ஓடுகிற தண்ணீர் போல, செல்லம்மாளின் ஒப்பாரி விட்ட இடத்திலிருந்து மெல்ல எழுந்து, அடி அடியாக ஏறி, பேர் வர வேண்டிய இடத்துக்கு வந்தது.

எழிலா, என்றது.

வீரமணி ஹெட்போனைக் கழற்றினான். ஸ்பீக்கரில் வெறும் பாட்டுதான். கை தட்டுகிறார்கள். எழிலன் இறங்கி, செருப்பைப் போடாமல், நண்பர்கள் கூப்பிட்ட மேசைக்கும் போகாமல், சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். இரண்டு காலையும் ஒன்றாக வைத்துக்கொண்டான். கட்டை விரலோடு கட்டை விரல் ஒட்டியிருந்தது.

பிணத்துக்குத்தான் அப்படிச் சேர்த்துக் கட்டுவார்கள்.

வேண்டாத நினைப்பு என்று வீரமணி தலையை உதறிக்கொண்டான். ஆனாலும் மைக்கை மாற்றினான். கிட்டாருக்கு வைத்திருந்த மைக்கை நடுவில் நிறுத்திவிட்டு, அந்த நான்காவதன் வயரை உருவி, மைக்கை மேசைக்கு அடியில் போட்டான். அடுத்து நிலா என்ற பெண். “ஹாய், என் பேரு நிலா.” அவள் வாயைத் திறந்ததும் மிக்சரில் எரிந்தது நான்காவது விளக்கு. வயர் இல்லை. விளக்கு எரிந்தது. அவன் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துப் பார்த்தான்.

நிலா, என்றது. நீட்டி, ஆசையாக.

பாடி முடித்து அவளும் எழிலன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வெறும் கால். கட்டை விரல்கள் ஒட்டியபடி.

வீரமணி எழுந்து போய் எழிலனின் தோளைத் தொட்டான். “தம்பி, உடம்பு இன்னா பண்ணுது?” கையைப் பிடித்துப் பார்த்தான். கை, மழையில் கிடந்த சிமெண்டு மாதிரி இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. உதட்டோரம் ஒரு ஈ உட்கார்ந்தது, நடந்தது, பறக்கவில்லை. பின்னால் யாரோ காபிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார்கள்.

அவன் பின்கட்டுக்கு ஓடி செல்லம்மாளுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டு நின்றது.

“அக்கா, செட்டு போட்ட வீரமணி. பாட்டு நிக்கல அக்கா. மைக்குல ஓடிக்கினே இருக்குது.”

செல்லம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “அதுல யாருனா பேரு சொன்னாங்களா?”

“ரெண்டு பேரு.”

“அவங்க வூட்டுக்குச் சொல்லி அனுப்பு.”

“பெரியவரு பேர இப்ப சொன்னா நிக்குமா?”

“அவருக்கு நெருப்பு வெச்சாச்சு தம்பி. வெந்த பேர அது எடுத்துக்காது.” மூச்சு விட்டாள். “பிடுங்கினவன் தன் பேர சொல்லி இறக்கி வெச்சா நிக்கும்னு சொல்லுவாங்க. நான் பாத்தது இல்ல.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். வாஷ்பேசின் கண்ணாடி முன் தமிழினி நின்று பொட்டைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

“பாப்பா, வூட்டுக்குப் போலாம் வா.”

“இன்னாண்ணா சொல்ற? அடுத்தது நான்.”

“பாட வேணாம். அந்த மைக் சாவு வீட்ல இருந்து வந்தது.”

“எந்த வாரம் வரல?” என்றாள். சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “உனுக்கு நான் பாண்டிச்சேரிக்குப் போய்டுவேன்னு பயம். சொல்லிடு. மூணு மாசமா நீதான பாட வெச்ச.”

அவன் அவள் கையைப் பிடித்தான். காலில் விழவும் தயாராக இருந்தான். “சரி, பாடு. பேரு மட்டும் சொல்லாத. அது போதும்.”

“பேரு சொல்லாம நான் யாருன்னு அந்த ஆளுக்கு எப்படிண்ணா தெரியும்?” கையை உருவிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அவன் மீண்டும் உள்ளே ஓடினான். மெயின் சுவிட்சை இறக்கினான். விளக்குச் சரம் அணைந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தி, செல்போன் விளக்குகளைத் தூக்கிப் பிடித்தார்கள். இருட்டில் மிக்சர் மட்டும் எரிந்தது. ஒரே ஒரு சிவப்பு. விமல்ராஜ் வந்து அவனைத் தள்ளிவிட்டு சுவிட்சைப் போட்டான். “மானத்த வாங்காத மணி. அந்த ஆளு முன்னாடியே உக்காந்திருக்காரு.”

வேறு வழி தெரியவில்லை. மேசைக்கு அடியில் கையை விட்டான். மைக் சூடாக இருந்தது, இப்போதுதான் ஒரு கையிலிருந்து வாங்கியது போல. ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஜமக்காளத்தில் ஏறினான். செட்டுக்காரன் மேடையில் ஏறியதைப் பார்த்துப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தங்கச்சி பிழைத்தால் போதும்.

“வீரமணி” என்றான். “என் பேரு வீரமணி.”

கழுத்தில் கிடந்த ஹெட்போனில் ஒப்பாரி அவன் பேரைச் சொன்னது. நின்றது.

நின்றேவிட்டது. ஃபேன் சத்தம், ரோட்டில் பஸ் போகிற சத்தம், தகரக் கூரையில் முதல் மழைத்துளி எல்லாம் தெளிவாகக் கேட்டது. அவனுக்கு அப்படியொரு நிம்மதி. மைக்கை ஸ்டாண்டில் வைத்தான். கால் தானாக நடந்தது. நிலாவுக்குப் பக்கத்து நாற்காலி. உட்கார்ந்தான். கட்டை விரல்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தன. பரவாயில்லை. வாய்க்குள் பஞ்சின் ருசி. பரவாயில்லை. அவள் பாடட்டும்.

அப்போது கழுத்தில் ஒரு மூச்சு கேட்டது.

அடுத்த அடிக்கான மூச்சு.

இல்லை. இல்லை, வேண்டாம். எழ வேண்டும். எழ முடியவில்லை. தாடை அசையவில்லை. மேடையில் விமல்ராஜ் என்னவோ சொல்கிறான். கைதட்டல். தமிழினி வருகிறாள். செருப்பைக் கழற்றுகிறாள். மிக்சர் பக்கம் அண்ணனைத் தேடுகிறாள். காணவில்லை. சுவரோரம் பார்க்கிறாள். அவனைப் பார்த்துவிட்டாள். கோபம் போய்ச் சிரிக்கிறாள்.

பேர் சொல்லாதே பாப்பா.

“வணக்கம். என் பேரு தமிழினி. அதோ உக்காந்திருக்காரே, அவரு தங்கச்சி.”

இந்த முறை ஒப்பாரி அவள் பேரைச் சொன்னது ஹெட்போனில் கேட்கவில்லை. இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் கேட்டது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்தாள். கூந்தலிலிருந்து ரப்பர் பேண்டை உருவினாள். அடுத்த மேசையிலும் ஒருத்தி. அதற்கடுத்த மேசையில் மூவர். ஒருவரும் அவசரப்படவில்லை. ஜீன்ஸும் சுடிதாரும் போட்ட இருபது முப்பது பெண்கள் முடியை விரித்துப்போட்டு, மேடையைச் சுற்றிக் குந்தி, தோளோடு தோள் கைபோட்டு, முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினார்கள். நடுவில் தமிழினி காலை நீட்டிப் படுத்திருந்தாள். பாண்டிச்சேரிக்காரர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மைக் அந்த வட்டத்துக்குள் கை மாறிப் போனது. வாங்கிய ஒவ்வொருத்தியும் அழ ஆரம்பிப்பதற்கு முன் தன் பேரைச் சொன்னாள்.