பார்க்காமல் விட்ட ஒரு பக்கெட்

"நான்தான் செஞ்சேன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும் அக்கா" என்றான் வந்தவன். "அதுக்குத்தான் வந்திருக்கேன்."

நெவேனா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். கப்ரோவோ நகரில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நஷ்டங்களை மதிப்பிட்டே தலை நரைத்தவள் அவள். 'நான் இல்லை' என்று அவளிடம் சத்தியம் செய்தவர்களைக் கொண்டு ஒரு ஊரையே நிரப்பலாம். இப்படிக் கேட்டு வந்தவன் இவன்தான் முதல் ஆள்.

"அண்ணி, வாக்குமூலமே கொடுத்துட்டான்! கேஸ் முடிஞ்சுது!" என்றான் மில்கோ. அவள் கணவனின் தம்பி, டாக்சி ஓட்டுபவன். துப்பறிவதில் அவனுக்கு இருந்த ஆர்வத்தில் பாதி பிரேக்கின்மேல் இருந்திருந்தால் வண்டியில் இத்தனை நசுங்கல் இருக்காது.

"நீ சும்மா இரு. தம்பி, முதல்ல இருந்து சொல்லு."

வந்தவன் பெயர் ஸ்தாமென். துப்ராவ்கா கிராமத்தில் நடமாடும் கிரஷர் ஓட்டுகிறான். சாலையை அகலப்படுத்துகிறார்கள், அதற்காகப் பழைய பால்பண்ணையை இடித்து, அந்த இடத்திலேயே கிரஷரை நிறுத்தி, சுவரையும் தளத்தையும் ஜல்லியாக்கி ரோட்டுக்கே போடுகிறார்கள். ரோட்டோரத்தில், வழிப்போக்கர்கள் தண்ணீர் குடிக்க ஒரு நினைவு நீரூற்று இருந்தது. கார் விபத்தில் இறந்த லூபென் என்ற பையனுக்காக அவன் கூட்டாளிகள் கட்டியது. சற்றுத் தள்ளி மறுபடி கட்டுவதற்காக, பெயர் செதுக்கிய பளிங்குப் பலகையையும் பித்தளைக் குழாயையும் கழற்றி இடிபாட்டுக் குவியலின் பக்கத்தில் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை பார்த்தால் இரண்டுமே இல்லை.

"பொக்லைன்காரன் அள்ளிப் போடுவான், நான் மேல நின்னு ஒவ்வொரு பக்கெட்டையும் பார்ப்பேன். ஆகாதது வந்தா மெஷினை நிறுத்துவேன். அன்னைக்குக் காலையில என் பொண்ணு போன்ல கூப்பிட்டா. ஒரு பக்கெட்டைப் பார்க்காம விட்டுட்டேன் அக்கா. ஒண்ணே ஒண்ணு. அதுலதான் போயிருக்கு. குழாய் மட்டும் மெஷின்ல கம்பி விழற தொட்டியில கிடந்ததுன்னு பையனோட அப்பா ராத்கோ எடுத்துட்டு வந்து காட்டினாரு."

"பளிங்குச் சில்லு கிடைச்சுதா?"

"கையால அலசினேன், ஒண்ணும் இல்ல. ஆனா குவியல்ல பாதி ரோட்டுக்குப் போயாச்சே."

"சரி, ஊரே உன்னை அடிக்க வருதா?"

"அடிச்சாத்தான் பரவாயில்லையே! ராத்கோ மாமா சர்ச் வாசல்ல எல்லார் முன்னாலயும் என் தோள்ல கை வெச்சு 'மன்னிச்சுட்டேன்'னு சொல்லிட்டாரு. ஊரே மன்னிச்சிருச்சு. ரொட்டிக் கடையில எனக்குச் சூடானதாப் பொறுக்கிக் கொடுக்கிறாங்க. அதைத்தான் முழுங்க முடியல. நிஜமா நான்தான்னு தெரிஞ்சா இந்த வேலையை விட்டுட்டு எங்கயாவது போயிடுவேன்."

மில்கோவின் டாக்சியில் கிளம்பினார்கள். அவன் வாடிக்கையாளரின் துயரத்தைக் கேட்டு உச்சுக்கொட்டுவான், மீட்டரை நிறுத்தமாட்டான்.

பால்பண்ணை முற்றத்தில் கிரஷர், சங்கிலிச் சக்கரத்தின்மேல் ஒரு வீடுபோல நின்றிருந்தது. மேலே கொட்டிய கான்கிரீட் துண்டுகளை இரும்புத் தாடை இரண்டு பக்கமும் நெரித்துக் கீழே தள்ளியது. அவை பெல்ட்டில் ஏறி வரும் வழியில் குறுக்கே தொங்கிய காந்தம் கம்பிகளை மட்டும் கவ்வி ஒரு தொட்டியில் எறிந்தது. மற்றதெல்லாம் மழைபோலக் குவியலில் விழுந்தது.

காண்டிராக்டர் போரிஸ்லாவ் காதடைப்பைக் கழற்றிக்கொண்டே வந்தான். "இன்னுமா அந்தக் கல்லைத் தேடறீங்க? போனது போச்சும்மா. நான் புதுசா ஒண்ணு செஞ்சு வைக்கிறேன்னு சொன்னேன். அந்த ராத்கோவே வேண்டாம்னுட்டாரு. பெருந்தன்மை!"

"கல்லே இல்லேன்னா உனக்கு நீரூற்றை மறுபடி கட்டற வேலை மிச்சம்" என்று மில்கோ கண்களைச் சுருக்கினான்.

"ஆமா, மிச்சம்தான். அதுக்காகச் செத்தவன் கல்லைத் திருடுவேனா? உன் மூஞ்சியைப் பார்த்தா டாக்சிக்காரன் மாதிரி தெரியல, சினிமா போலீஸ் மாதிரி இருக்கு."

"நீயும் எங்க கூட வா" என்றாள் நெவேனா. "அந்தக் குழாயைப் பார்க்கலாம்."

ராத்கோ தேனீ வளர்ப்பவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாளாக இருந்தார். பிளம் மரங்கள் பூத்திருந்த தோட்டத்தில் வரிசையாகப் பெட்டிகள். வரிசையின் நடுவில் ஓரிடம் காலி. அந்த வெறும் காற்றில் ஒரு கொத்துத் தேனீக்கள் வாசலைத் தேடுவதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தன. காணாமல் போன பெட்டி, தோட்டத்தின் கடைக்கோடியில் வேலியோரமாக இருந்தது.

ராத்கோ வந்தவர்களை மேசையருகே உட்கார வைத்து, தேன் கலந்த தண்ணீர் கொடுத்தார். குழாயையும் எடுத்து வந்து வைத்தார். ஒரு பக்கம் அடிபட்டு உள்வாங்கியிருந்தது. மறுபக்கம் வழவழவென்று இருந்தது.

மில்கோ ஒரே மூச்சில் குடித்தான். துக்க வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் குடித்தாலும் எல்லோரும் இறந்தவரை நினைத்துச் சொல்வதைத் தானும் சொன்னான். "கடவுள் மன்னிக்கட்டும்."

"யாரை?" என்றார் ராத்கோ.

அவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா. என் பையனை. மன்னிக்கட்டும்."

நெவேனா தன் டம்ளரை மெதுவாகச் சுழற்றினாள். "மில்கோ, கார்ல போனை ஒட்டி வைக்கிற காந்தம் இருக்குல்ல? எடுத்துட்டு வா."

அவன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். அவள் காந்தத்தைக் குழாயின் மேல் வைத்து விரலை எடுத்தாள். காந்தம் வழுக்கி மேசையில் விழுந்தது. இன்னொரு முறை வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

ஸ்தாமென் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். "பித்தளை... காந்தம் பிடிக்காதே!"

"பிடிக்காதுன்னு உனக்குத் தெரியும். ஆனா நாமதான் செஞ்சோம்னு நம்பிட்டவன் சாட்சியை உரசிப் பார்க்கமாட்டான். இந்தக் குழாய் உன் மெஷின் வழியா வந்திருந்தா எங்க கிடந்திருக்கும்?"

"ஜல்லிக் குவியல்ல. கம்பித் தொட்டிக்கு வரவே வராது."

"அதோட, தாடை ரெண்டு பக்கமும் நெரிக்கும். இது ஒரு பக்கம் மட்டும் சுத்தியல் அடி வாங்கியிருக்கு."

மில்கோ எழுந்து போரிஸ்லாவைச் சுட்டினான். "பார்த்தியா! இவன்தான் போட்டிருக்கான்!"

"உட்காரு. இவருக்கு இந்த மெஷின்தான் சோறு போடுது. இவர் ஏமாத்த நெனைச்சா குவியல்லதானே போட்டிருப்பாரு? உலோகம்னா எல்லாத்தையும் காந்தம் எடுக்கும்னு நெனைச்ச ஒருத்தர்தான் தொட்டியில கிடந்ததா சொல்ல முடியும்." அவள் யாரையும் பார்க்காமல் பேசினாள். "ராத்கோ அண்ணே, தேன் பெட்டியை இந்தப் பருவத்துல தோட்டத்துக் கடைக்கோடிக்கு நகர்த்தினா என்ன ஆகும்?"

"வெளியே போனது பழைய இடத்துக்கே வரும்" என்றார் அவர், யாரோ வேறொருவர் பெட்டியைப் பற்றிச் சொல்வதுபோல. "சுத்திச் சுத்திச் சாகும்."

"அது தெரிஞ்சும் ஒரு பெட்டியை நகர்த்தியிருக்கீங்க. அதுக்கு அடியில எதையோ மறைக்கிற அவசரம் உங்களுக்குத் தேனீயைவிடப் பெருசா இருந்திருக்கு."

யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. ராத்கோவின் கைகள் மேசைமேல் விரிந்து கிடந்தன.

"உடைக்கத்தான் தள்ளுவண்டியில எடுத்துட்டு வந்தேன்" என்றார் கடைசியில். "குழாயை ஒரு அடி அடிச்சேன். கல்லை அடிக்க முடியல. அவன் பேர் இருந்துச்சு."

"பெத்த பிள்ளையோட கல்லை ஏன் மாமா?" என்றான் ஸ்தாமென்.

"அந்தக் காரை ஓட்டினது நான். குடிச்சிருந்தேன். போலீஸ் வந்தப்ப அவன்தான் ஓட்டினான்னு சொன்னேன். செத்தவனை ஜெயில்ல போடமாட்டாங்க, அவனுக்கு இதுல என்ன நஷ்டம்னு தோணிச்சு." அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் பசங்க நீரூற்று கட்டினாங்க. வர்றவன் போறவன் எல்லாம் தண்ணி குடிச்சிட்டு 'கடவுள் அவனை மன்னிக்கட்டும், பாவி, என்ன வேகம்'னு சொல்லிட்டுப் போவான். தினமும் இங்க வரைக்கும் கேக்கும். வேண்டாம், மறுபடி கட்டாதீங்கன்னு எந்த அப்பன் சொல்ல முடியும்? கிரஷர் தின்னுட்டுதுன்னா யாரும் தேடமாட்டாங்கன்னு நெனைச்சேன். நீ இவ்வளவு ஒடிஞ்சு போவேன்னு நெனைக்கல தம்பி. அதான் எல்லார் முன்னாலயும் மன்னிச்சேன்."

போரிஸ்லாவ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

ஸ்தாமென் எழுந்து நின்றான். அவன் முகத்தில் நிம்மதி வரும் என்று மில்கோ எதிர்பார்த்தான். வந்தது வேறு.

"உங்க டிரைவர் சீட்டுல முதல்ல உங்க பையனை உட்கார வெச்சீங்க. அவன் எழுந்திருக்க முடியாது. அப்புறம் என்னை உட்கார வெச்சீங்க" என்றான். "நான் எழுந்துட்டேன் மாமா."

ராத்கோ நெவேனாவைப் பார்த்தார். "நீங்க சொல்லிடுங்க. போலீஸ்ல, ஊர்ல. நீங்களே சொல்லிடுங்க."

"என் வேலை முடிஞ்சுது. இவன் கேட்டதுக்குப் பதில் கிடைச்சாச்சு. இது நீங்க சொன்ன பொய், நீங்கதான் போய் உடைக்கணும். மத்தியான நேரம், ஊர் ஆம்பளைங்க எல்லாம் சாராயக் கடையிலதான் இருப்பாங்க. போலீஸுக்கு அப்புறம் போகலாம், மில்கோ கூட்டிட்டுப் போவான்."

"மீட்டர் போடமாட்டேன்" என்றான் மில்கோ, தாழ்ந்த குரலில்.

ராத்கோ சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். தெருவில் எல்லோரும் நடந்தார்கள். கடை வாசல் வந்ததும் அவர் கால்கள் நின்றுவிட்டன. உள்ளே சிரிப்பும் சீட்டு போடும் சத்தமும் கேட்டன. யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ராத்கோ வந்திருக்காருடா, நாற்காலி போடு" என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

அவர் கை கதவின் பிடி வரைக்கும் போனது, திரும்பிவிட்டது.

ஸ்தாமென் முன்னால் வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுடாதீங்க" என்றான். "கதவைப் பிடிச்சிருக்கேன், அவ்வளவுதான்."

ராத்கோ உள்ளே போனார்.