புது வெர்ஷனில் நாலாவது படம்

அம்மாவின் கட்டைவிரல் ஜெபமாலையின் ஒரு மணியை அழுத்திக்கொண்டிருந்தது. பழைய வெர்ஷனில் இதே படத்தைத் திறந்தபோது, கோத்து வைத்த வெள்ளைக் கையுறைகளுக்கு அடியில் வெறும் கறுப்புதான் தெரிந்தது.

மண்டி மொஹல்லாவில் அப்பாவின் ஸ்டுடியோ. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஜேன் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளியே சாயங்கால மழையும் சேற்றில் உறுமும் ஆட்டோக்களும். உள்ளே சூடேறிய கம்ப்யூட்டரின் வாடையோடு, அடக்கத்தன்று மிஞ்சிய சம்பங்கி மாலை மூலையில் அழுகும் வாடை. நாளை ஏழாம் நாள் பூசை. அதற்குள் அடக்க ஆல்பம் முடிய வேண்டும்.

அந்தப் படங்களை எடுத்த மஞ்சுநாத், பெங்களூரிலிருந்து வந்த சிடியிலிருந்து படம் திறக்கும் சாஃப்ட்வேரின் புது வெர்ஷனை மதியம்தான் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"நெகட்டிவ ஸ்கேன் பண்ணுன ரா ஃபைல் அதேதாம்மா. புது வெர்ஷன் நிழல சென்னாகி, நல்லா பிரிச்சுக் குடுக்கும். உங்கப்பா கண்ணாடிய விட மேலு!" என்று சிரித்தார். "நடுவுல குப்பையா ஏதாச்சும் வந்தா பயந்துக்காத."

குப்பைதான். ஜேன் இரண்டாவது படத்தைத் திறந்தாள். சிலுவையிலிருந்து எண்ணினாள். முதல் படத்தில் விரல் மூன்றாவது மணியில் இருந்தது. இதில் நான்காவது.

மூன்றாவது படம், அவள் குனிந்து அம்மாவுக்குக் கடைசி முத்தம் கொடுத்தபோது எடுத்தது. விரல் ஐந்தாவது மணியில்.

அன்று உதட்டில் பட்ட நெற்றி சில்லென்று இல்லை.

"அப்பா, அம்மா சூடா இருக்காங்க."

"மெழுகுவத்தி சூடும்மா. ஃபாதர் காத்துட்டு இருக்கார். நகரு."

நகர்ந்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

நாலாவது படம், பெட்டியை மூடும்போது எடுத்தது. திரையின் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. ஷட்டர் கிறீச்சிட்டது. அப்பா. நனைந்த சட்டையோடு பின்னால் வந்து நின்றார். 

"பழைய வெர்ஷனயே போட்டுரும்மா."

"ஏம்ப்பா?"

அப்பா மெயின் சுவிட்சைத் தட்டினார். விளக்கு அணைந்தது. திரை அணையவில்லை. மேஜைக்கடியில் யுபிஎஸ் கத்தியது. பீப். பீப்.

"அப்பா, நீங்க பாத்தீங்களா? அன்னிக்கே?"

பீப்.

திரையில் மெழுகுவர்த்திகள் வந்தன. ஃபாதரின் அங்கி. மூடி. மூடியின் மேல் ஒரு கை. கல்யாண மோதிரம். அப்பாவின் கை. அழுத்தியபடி.

மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே அந்தக் கறுப்புக் கோடு. அது மெல்ல வெளுத்தது.

மூடியின் விளிம்பை உள்ளிருந்து பற்றியிருந்தன, வெள்ளைக் கையுறையோடு நாலு விரல்கள்.