தோணிமேட்டின் பூர்வீகம்

தோணிமேட்டில் வேதாசலத்தை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

முதல் தடவை வந்தபோது அது லேசாக மனசில் பட்டது. இரண்டாம் தடவை உறுத்தியது. இந்த மூன்றாம் தடவை எரிச்சலாகவே மாறிவிட்டது. தலையில் துண்டும் கையில் ஓலைக் கட்டுமாகப் புது ஆள் ஒருவர் படகை விட்டு இறங்கினால், யாரு, இன்னா சோலி, எந்த வீட்டுக்கு என்று நாலு பேராவது விசாரிப்பார்கள். இங்கே வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒதுங்கி வழிவிட்டார்கள், மறுபடி குனிந்துகொண்டார்கள். அவ்வளவுதான்.

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கொடி பறந்த காலம் அது. திருப்பாலைவனத்து நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த வேதாசலம், கோட்டையில் முப்பது வருஷமாகத் தமிழ் எழுத்து வேலை பார்த்துவந்தார். புதிதாக வந்திருந்த துரை ஒருவருக்கு ஆற்றோரம் தோட்ட வீடு கட்டிக்கொள்ள ஆசை. படகில் போகும்போது தோணிமேட்டைத் தூரத்திலிருந்து பார்த்து மயங்கிப்போனார். ஊரின் அழகையும் பூர்வீகத்தையும் விவரமாக எழுதிக் கொண்டு வா, முதலில் குடியேறியது யார், என்ன சாமி, எத்தனை தலைமுறை, எல்லாம் வேண்டும் என்றார். இரண்டு முறையும் அழகை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பிய வேதாசலத்தைப் பத்துப் பேர் எதிரில் நிற்கவைத்துத் துரை சிரித்தார். இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால் எழுத்தாணியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

அழகுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆறு அங்கே ஏரியில் கலப்பதற்கு மனசில்லாதது போல ஒரு வளைவு வளைந்து, வெள்ளை மணலை அரைவட்டமாக ஒதுக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் போய்ச் சேர்ந்தது. தாழம்புதருக்குப் பின்னால் வரிசையாகக் குடிசைகள். ஆழமில்லாத தண்ணீரில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. சாயங்கால வெயில் பட்டு அந்தப் பக்கமே இளஞ்சிவப்பாக இருந்தது. சுற்றிலும் உப்புத் தண்ணீர் இருக்க, மணலில் ஒரு முழம் தோண்டினால் இளநீர் மாதிரித் தண்ணீர் ஊறியது. இதையெல்லாம் அவர் ஏற்கெனவே எழுதியாயிற்று. பூர்வீகம் என்று தலைப்புப் போட்ட ஓலைதான் மூன்றாம் தடவையும் வெறுமையாக இருந்தது.

படகுக்காரன் ராமன் கரையில் இறங்க மறுத்துவிட்டான். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் ஏறும், ஏறினால் முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம், சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோலை ஊன்றிக்கொண்டு படகிலேயே உட்கார்ந்திருந்தான்.

முதல் குடிசை வாசலில் ஒரு பெண் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறத்தில் ஒன்றும் இல்லை. உங்கள் குலசாமி எது, எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். அவள் ஆற்றைக் கைகாட்டி, இந்த மாதிரிக் காற்று வேறெங்கும் அடிக்காது என்றாள். அடுத்த வீட்டுக் கிழவர், இறால் இங்கே கை நீளத்துக்கு வளரும் என்றார். அதற்கடுத்த வீட்டில், நிலா வெளிச்சத்தில் மணல் எப்படி மின்னும் என்று விவரித்தார்கள். யாரும் மறைப்பதாகவும் தெரியவில்லை. கேள்வியைக் கவனமாகக் கேட்டார்கள். பதிலைத் தேடுகிறவர்கள் போல வாயைத் திறந்தார்கள். பிறகு ஆற்றைப் பற்றிப் பேசினார்கள்.

ஆத்திரத்தை அடக்கிக்கொள்ள ஒரு சுருட்டாவது பிடிக்கலாம் என்று வேதாசலம் நெருப்புக் கேட்டார். முதல் வீட்டில் இல்லை என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் இல்லை. மூன்றாவது வீட்டில் அவரே குனிந்து அடுப்படியை எட்டிப் பார்த்தார். அடுப்பு இருந்தது. சாம்பல் இல்லை. கல்லில் கரி படிந்த தடயமே இல்லை. அடுப்புக்குள் ஈர மணல் நிறைந்து, அதில் ஒரு சின்ன நண்டு வளை தோண்டிக்கொண்டிருந்தது.

அவர் வெளியே வந்தார். சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். நாற்பது குடிசைகளுக்குமேல் இருந்தும் எந்தக் கூரையிலிருந்தும் புகை எழவில்லை. அப்போதுதான் அந்த வாசனையும் பிடிபட்டது. மீன் வாசனை இல்லை, சேறும் இல்லை. மூட்டையோடு தண்ணீரில் ஊறிப் புளித்த அரிசியின் வாசனை. எங்கோ முகர்ந்த வாசனை. வலைகள் நாளெல்லாம் வெயிலில் கிடந்தும் சொட்டிக்கொண்டேயிருந்தன. சொட்டு, சொட்டு என்று அந்தச் சத்தம் ஊர் முழுவதும் ஒரே சீராகக் கேட்டது. அவருக்கு அதைவிட எரிச்சல் மூட்டுகிற சத்தம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. வெறும் ஓலை. சிரிக்கிற துரை. சொட்டு, சொட்டு.

ஊர்ப் பெரியதனம் பார்க்கிறவன் போல ஒருவன் மணல் திட்டில் நின்றிருந்தான். முப்பது வயதுக்குமேல் சொல்ல முடியாது. வேதாசலம் நேராக அவனிடம் போய்ப் பொறுமை இழந்து பேசத் தொடங்கினார். மூன்று தடவை வந்துவிட்டேன், ஊர் முழுவதும் ஊமைபோல் நடிக்கிறீர்கள், என் பிழைப்பே போகப்போகிறது என்று கொட்டித் தீர்த்தார். கடைசியில் கெஞ்சினார்.

"ஊரு வரலாறு வேணாம்ப்பா. ஒரே ஒரு பேரு சொல்லு. உங்க நைனா பேரு இன்னா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், நெற்றி சுருங்கியது.

"அதான் எங்களுக்குத் தெரியல ஐயா," என்றான். "நீங்கதானே எழுதிக்கினீங்க."

வேதாசலத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் எதை எழுதினேன் என்று கேட்க வாயெடுத்தார். அப்போது காற்று திசை மாறி அந்தப் புளித்த அரிசி வாசனையை முகத்தில் அறைந்தது. அவருக்கு நினைவு வந்துவிட்டது.

பெரும் பஞ்சத்து வருஷம். அவருக்கு இருபத்திரண்டு வயது. கப்பல் தரகன் ஒருவனுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிற வேலை. உள்நாட்டிலிருந்து எலும்பும் தோலுமாக நடந்து வந்த குடும்பங்களை ஆற்று முகத்துவாரத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் பெயரையும் ஓலையில் கீறிக்கொண்டு தோணியில் ஏற்றினார்கள். கடலில் நின்ற கப்பலில் கஞ்சி ஊற்றுவார்கள் என்று அவர்தான் சொன்னார். கப்பல் அவர்களை அடிமைகளாக விற்க எங்கே கொண்டுபோகிறது, போனவர்கள் யாரும் திரும்புவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு பெண் அவர் சொன்னதை நம்பாமல் நின்றாள். அவளை நம்பவைக்க, தோணியின் அடித் தண்ணீரில் ஊறிப் புளித்துக் கிடந்த அரிசி மூட்டைகளைக் காட்டினார். அவளும் ஏறினாள். ஏற்றியது அளவுக்கு மீறிய பாரம். முகத்துவாரத்து அலையில் தோணி புரண்டது. கரையில் நின்று அவர் பார்த்தார். சத்தம் அடங்கும்வரை பார்த்தார். பிறகு ஓலைக் கட்டை ஆற்றில் வீசிவிட்டு, யாரும் வரவில்லை என்று தரகனிடம் போய்ச் சொன்னார். யாரும் கேட்கவும் இல்லை. பெயரில்லாத ஆட்களை யார் தேடுவார்கள்?

அந்த இடம் வடக்கே கால் காத தூரத்தில் இருப்பதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். ஆறு திசை மாறிவிட்டது. பழைய முகத்துவாரத்தில் மணல் மேடு போட்டிருந்தது. அதன்மேல்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஓடவேண்டும் என்று நினைத்தார். கால் நகரவில்லை. கணுக்கால்வரை தண்ணீர், எப்போது ஏறியதென்று தெரியவில்லை. மணலைத் தோண்டாமலேயே எல்லா இடத்திலும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

குடிசைகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அவசரமில்லை. சண்டையில்லை. முறத்தோடு அந்தப் பெண். இறாலைப் பற்றிச் சொன்ன கிழவர். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி. ஒருவர் பின் ஒருவராக, இடித்துக்கொள்ளாமல், அவர் எதிரில் வரிசையாக நின்றார்கள். நிற்கப் பழக்கப்பட்டவர்கள் போல.

"எழுதுங்க ஐயா," என்றான் பெரியதனக்காரன். கெஞ்சுகிற குரல். "நாங்க எவ்ளோ யோசிச்சும் வரல."

வரிசையின் முதல் ஆள் முன்னே வந்தான். பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். தண்ணீர் வழிந்தது. கலங்கிய ஆற்றுத் தண்ணீர், மணலோடு, ஊறிப் பருத்த அரிசியோடு, நிற்காமல். அவன் கண் வேதாசலத்தின் எழுத்தாணியையே பார்த்துக்கொண்டிருந்தது. இவர் எழுதவில்லை என்று தெரிந்ததும் அந்த முகத்தில் வந்தது கோபமில்லை. வெறும் சலிப்பு. அவன் ஒதுங்கினான். அடுத்தவள் வந்தாள். வாயைத் திறந்தாள்.

வேதாசலம் மூளையைக் கசக்கினார். ஒரு பெயர். ஒன்றாவது. நூற்றுக்குமேல் எழுதினாரே. எந்தப் பெயரும் வரவில்லை. ஓலை நனைந்தது. மூன்றாவது ஆள். நான்காவது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

ஒரு பெயர் வந்தது. நம்பாமல் நின்றவள். அரிசி மூட்டையை எட்டிப் பார்த்தவள். அதைக் கீறும்போது எழுத்தாணி உளி போல இறங்கியதால் அந்த ஒரு பெயர் மட்டும் மனசின் அடியில் தங்கியிருந்தது.

"காசியம்மாள்," என்றார். பிறகு கத்தினார். "காசியம்மாள்!"

வரிசை அசைந்தது. எல்லா முகமும் நிமிர்ந்தது. ஆண்கள், பெண்கள், இடுப்பிலிருந்த பிள்ளை. அத்தனை முகத்திலும், தன் பெயரையே கேட்டதுபோல, ஒரே வெளிச்சம்.

"வந்தேன் ஐயா," என்றார்கள்.

எல்லோரும். ஒரே பெண்ணின் குரலில்.

வேதாசலம் ராமனைக் கூப்பிடத் திரும்பினார். ஏறிய தண்ணீர் இழுத்துப்போய்ப் படகு ஆற்றின் நடுவில் நின்றது. கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ராமன் கல்லாக நின்றிருந்தான். படகைச் சுற்றித் தண்ணீரில் தலைகள். ஒன்று. பத்து. எதிர்க்கரைவரை. தலைமயிர் முகத்தில் அப்பியபடி மெதுவாக மேலே வந்துகொண்டேயிருந்தன. பூநாரைகள் நின்ற இடத்திலும், வளைவிலும், ஏரிவரையிலும். வந்த ஒவ்வொன்றும் அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது.

"வந்தேன் ஐயா."

"வந்தேன் ஐயா."

"வந்தேன்."