பார்ன் என்றால் சுமக்கப்பட்டது

வேர்மானி வந்தபின் டென்மார்க்கில் சட்டச் சொற்களுக்காக யாரும் சண்டை போடுவதில்லை. ஒரு சொல்லின் பொருளில் ஐயம் வந்தால் அந்தக் கருவி பல ஆயிரம் ஆண்டுகள் பின்னால் போய் அதன் முதற்பொருளைத் தோண்டி எடுக்கும். அதுவே தீர்ப்பு.

அதை உருவாக்கியவர்களில் ஒருத்தி, ஆர்ஹஸ் நகரத்து மொழியியலாளர் துவாரகா. அவள் அதனிடம் முதலில் கேட்ட சொல் ‘பார்ன்’. டேனிஷ் மொழியில் குழந்தை. ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோன அவள் மகளை எந்தப் பதிவேடும் அந்தச் சொல்லால் குறிக்கவில்லை.

‘பெர்’ என்னும் தொல்வேர், பொருள் சுமத்தல் என்றது வேர்மானி. பார்ன் என்றால் சுமக்கப்பட்டது. வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த ‘பாரம்’கூட அதே வேர்தான்.

துவாரகா வழக்குப் போட்டு வென்றாள். இறந்து பதினொரு வருடம் கழித்து அந்தக் குழந்தைக்குப் பதிவேட்டில் பெயர் ஏறியது: யாழிசை. சான்றிதழைப் பார்த்துக் கணவன் கிருபாகரன் அழுதான்.

மூன்றாம் வாரம் பதிவகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர்கள் இரண்டு வயதில் தத்தெடுத்த ஆரணி, துவாரகாவால் சுமக்கப்படாதவள். எனவே ‘பார்ன்’ அல்ல, வீட்டில் வசிப்பவர் என்றிருந்தது.

ஒன்பது வயது ஆரணி அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“அம்மா, அப்ப நான் உங்களுக்கு ஆர்?”

“நீ என்ர பிள்ளையடா.”

“அப்ப ஏன் இப்பிடி எழுதியிருக்கினம்?”

துவாரகா பதிவகத்துக்கு ஓடினாள். “காய்ச்சல் வந்த நாளெல்லாம் அவளைத் தோளில் சுமந்திருக்கிறேன். அது சுமத்தல் இல்லையா?”

அலுவலர் வேர்மானியின் திரையை அவள் பக்கம் திருப்பினார். ‘சுமத்தல் என்பது வயிற்றில் சுமத்தலே’ என்றிருந்தது. வழக்கில் அவளே எழுதிக் கொடுத்த விளக்கம்.

“ஒரே வழிதான் இருக்கிறது,” என்றார் அவர் தணிந்த குரலில். “நீங்கள் அந்த வழக்கைத் திரும்பப் பெறலாம். பழைய பொருள் திரும்பிவிடும். ஆனால் முதல் குழந்தையின் பதிவு அழியும்.”

துவாரகா படிவத்தை வாங்கி இருமுறை வாசித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

நீக்க வேண்டிய பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுமாறு கருவி கேட்டது.

“யாழிசை,” என்றாள்.

அந்தப் பெயரை அவள் உரக்கக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.